வட்டம் இல்லாத நட்டு

உயிர் உள்ளவரை இனி ஷோரூம் வாசலை மிதிப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்து நாலு மாசம் ஆகியிருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அரை மணி நேர வேலைக்காக அவருடைய மோட்டார் சைக்கிளை ஒரு பகல் முழுக்க நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு அங்கிருந்த மெக்கானிக், "சார், உங்களுக்கு வண்டியைப் பத்தித் தெரியாது" என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷமாக ஓட்டும் வண்டி. இதையே மனைவி சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். அவள் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. வெளியாள் சொன்னால் ரோஷம் வராதா?

இப்போது பின் பிரேக் கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது. சபதத்துக்குச் சோதனை. சனிக்கிழமை லீவு. காலையிலேயே பழைய பனியனை மாட்டிக்கொண்டு, ஸ்பானர் பையோடு வாசல் போர்ட்டிகோவில் இறங்கிவிட்டார்.

"ஷோரூம்லயே விட்டுடுங்களேன். பின்னாடி உட்காரப் போறது நான்தானே" என்றாள் மனைவி.

பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைச் சுத்தம் செய்து, செயினை இறுக்கி மாட்டுவதெல்லாம் குழந்தை விளையாட்டு என்று அவர் கால் மணி நேரம் விளக்கினார். அவள் மறுபடி வற்புறுத்தவில்லை. உள்ளே போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷத்தில் அவள் ஒரு விஷயத்தை ஒரே தடவை சொல்லிவிட்டு நிறுத்தியதே கிடையாது. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆபீசில் அவருக்குக் கோப்புகளுக்கு நம்பர் போடுகிற வேலை. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்குமா? தரையில் செய்தித்தாளை விரித்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் அதன்மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே நம்பர் எழுதினார். மொத்தம் இருபத்து மூன்று வட்டம். நடுவில் மனைவி தண்ணீர் கொண்டுவந்து பேப்பர் ஓரத்தில் டம்ளரை வைத்தபோது, "வட்டத்தைக் கலைச்சிடாதே" என்று ஒரு அதட்டல்கூடப் போட்டார். அவள் பயந்தவள் மாதிரி விலகிப் போனாள்.

திரும்ப மாட்டும்போது, சக்கரத்தின் பெரிய நட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்த நேரத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவரிடம் விபத்துக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இப்படித்தான் வீட்டுலயே மாட்டினான். பாலத்துல இறங்கறான். பார்த்தா, அவனுக்கு முன்னாடி ஒரு சக்கரம் தனியா உருண்டு போகுது. யாருதுடா இதுன்னு சிரிச்சிருக்கான்."

"அப்புறம்?"

"அவனுதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் பேப்பர் வாங்கப் போனார்.

இவர் அந்தப் பாலத்தை நினைத்துக்கொண்டார். சரி, ஆனது ஆகட்டும் என்று மீதியையும் மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். இருபத்து மூன்று வட்டமும் காலி. பேப்பரின் ஓரத்தில், வட்டமில்லாமல் நம்பரில்லாமல், ஒரு நட்டு உட்கார்ந்திருந்தது.

நட்டு கழன்றவன் என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறார். நட்டு மிஞ்சியவனை என்னவென்று சொல்வார்களோ? வட்டங்களை முன்னாலிருந்து எண்ணினார், பின்னாலிருந்து எண்ணினார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். பெட்ரோல் டேங்குக்குக் கீழேகூடக் கையை விட்டுத் தடவினார். நட்டு இல்லாத இடம் ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் பயம் ஒரே இடத்தில் இருந்திருக்கும். இப்போது வண்டி முழுக்கப் பரவிவிட்டது.

உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. நடுநடுவே டக், டக் என்று ஒரு சத்தம், எதுவோ ஆடுவதுபோல. ஒவ்வொரு டக்குக்கும் அவர் திடுக்கிட்டு வண்டியைப் பார்த்தார். அது நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் பாலம். இறங்குகிற பக்கம் நல்ல சரிவு, பக்கத்திலேயே லாரிகள் உறுமிக்கொண்டு வரும். பின்னால் அவள் ஒரு கையால் பையையும் ஒரு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பதினோரு வருஷமாக அந்தக் கை ஒரு தடவைகூடத் தோளை இறுக்கிப் பிடித்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை. அதை நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தான் விழுந்தால் பரவாயில்லை, கட்டுப்போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். அவளுக்கு ஒன்று ஆனால்?

உள்ளே போனார்.

"இன்னைக்குப் பஸ்ல போலாமா?"

"ஏன்?"

"பஸ்ல போயி ரொம்ப நாளாச்சு."

"நேத்து ஆபீசுக்கே பஸ்லதானே போனீங்க."

"மழை வர்ற மாதிரி இருக்கு."

அவள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம் கிடையாது.

"சரி, நீ பஸ்ல போ. நான் பின்னாலேயே வண்டியில வர்றேன்."

"அதெப்படிங்க? நீங்க உங்க கையால பண்ணின வண்டி. முதல்ல நான்தானே ஏறணும்" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்தபடி.

அந்த ஒரு வார்த்தை போதும். நட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அந்த ஷோரூம்காரனுக்குத் தன் வேலையைக் காட்டி மூக்கை உடைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். தாராளமாக உடைத்துவிட்டு வாருங்கள் என்று அவள் வழியனுப்பினாள்.

தெருமுனை வரை கம்பீரமாகத் தள்ளிக்கொண்டு போனார். முனை திரும்பியதும் ஏறி ஓட்டியிருக்கலாம், தைரியம் வரவில்லை. இரண்டு கிலோமீட்டர், உச்சி வெயில், தள்ளிக்கொண்டேதான் போனார். எதிரில் வந்த மாடிவீட்டுக்காரர் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டதற்கு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். வண்டியையுமா என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

அதே மெக்கானிக். வண்டி நம்பரைப் பார்த்து கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டார். இவர் பாக்கெட்டிலிருந்து நட்டை எடுத்து, தங்க மோதிரம் அடகு வைப்பவர்போல மெதுவாக நீட்டினார். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இந்த வண்டியோடதே இல்ல சார்."

போன உயிர் திரும்பி வந்தது. அது வந்து உட்காருவதற்குள் மெக்கானிக் குனிந்து, பின் சக்கரத்தின் பெரிய நட்டை இரண்டே விரலால் சுழற்றினார். பம்பரமாகச் சுற்றியது.

"இதை யாரு மாட்டினது?"

"மாடிவீட்டுக்காரர்" என்றார் அவர். ஸ்பானரால் இறுக்கும் நேரத்தில்தானே அந்த மனுஷன் கதை சொல்ல வந்தார்? பொய் பாதிதான்.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி. சாயங்காலத்துக்குப் புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாள்.

"என்ன சொல்லுவான்? ஒரு குறையும் இல்லைன்னு ஒத்துக்கிட்டான். இந்த நட்டுகூட நம்ம வண்டியோடது இல்லையாம்."

"அப்படியா? குடுங்க."

வாங்கிக்கொண்டு போய், தையல் மெஷினின் இரும்புக் காலுக்குப் பக்கத்தில் குனிந்து, நாலு திருகில் மாட்டிவிட்டாள். பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள். டக் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் டம்ளர் நினைவுக்கு வந்தது. பிறகு வெயிலில் தள்ளிய இரண்டு கிலோமீட்டரும் காலில் வந்து வலித்தது.

"நீயா வச்சே?"

"நான் சொன்னா நீங்க ஷோரூமுக்குப் போவீங்களா? அதான் ஒரு நட்டை விட்டுச் சொல்லச் சொன்னேன்."

"ஒரு கோளாறும் இல்லாத வண்டியை இந்த வெயில்ல..."

அவள் தன் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். ஷோரூம் பதிவில் இருந்தது அவளுடைய போன் நம்பர். 'பின் சக்கர நட்டு இறுக்கப்படாமல் இருந்தது. சரிசெய்யப்பட்டது' என்று செய்தி வந்திருந்தது.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். கோபம் இருந்த இடத்தில் இப்போது காலையில் வந்த பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்.

"அந்த நட்டு லூசா இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"நட்டைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? உங்களைத்தான் தெரியும்."