கண்ணாடி மாட்ட வந்த ரசமட்டம்

மொரப்பூரில் எது நேராக நின்றாலும் அதற்கு ரசமட்டம் அண்ணன்தான் காரணம். கோணலாக நிற்பதெல்லாம் அவர் கண்ணில் இன்னும் படாதவை.

தொழில் கொத்தனார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க உதவும், நடுவில் குமிழி மிதக்கும் ரசமட்டக் கருவி எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும்; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். கம்பைநல்லூரில் ஒரு கல்யாணப் பந்தியில் மேஜைமீது அதை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரும் ரசம் ஊத்தாதீங்க, மேஜை சாயுது!" என்று எழுந்து நின்றவர். மாப்பிள்ளையின் தாய்மாமனே குனிந்து மேஜைக்காலுக்கு அட்டை வைத்த பிறகுதான் பரிமாற விட்டார்.

சென்ற ஆவணியில் என் மனைவி செல்வி வீட்டு முன்னறையில் தையல் கடை தொடங்கினாள். வெள்ளிக்கிழமை திறப்பு. ஜாக்கெட் போட்டுப் பார்க்கிறவர்களுக்காகச் சட்டம் இல்லாத ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தர்மபுரியில் வாங்கி, ஆட்டோவில் கட்டிப்பிடித்தபடி கொண்டுவந்திருந்தேன். வியாழக்கிழமை காலை, இருபக்கமும் ஒட்டுகிற டேப்பால் அதைச் சுவரில் ஒட்டப் போனேன். ஜன்னலில் அண்ணன் முகம்.

"சார், அத கீழ வெச்சுட்டு தள்ளி நில்லுங்க. டேப்பு நாளைக்கே வுட்டுரும். யாரு தலைலயாச்சும் வுழுந்தா?"

கால் மணி நேரத்தில் டிரில்லிங் மிஷினோடு வந்துவிட்டார். டாக்டர் நெஞ்சைப் பார்ப்பதுபோலச் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். ஓட்டை போட்டு, கீழே இரண்டு கிளிப், மேலே இரண்டு. கண்ணாடி கீறாமலிருக்க உள்ளே ரப்பர். தூக்கி மாட்டி, மேல் விளிம்பில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அண்ணன் முகம் பூரித்தது.

"கோணலா இருக்குதேண்ணா" என்றாள் செல்வி.

அவரிடம் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. மிஷினை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கண்ணாடி நேரா இருக்குதும்மா. பக்கத்துல இருக்கற ஜன்னல்தான் கோணல். அத ஒடச்சு மாத்திரலாம். நாலு நாள் வேலைதான்."

"வாடகை வூடுண்ணா! நாளைக்குக் கட தொறக்கணும்!"

குமிழியை மூன்று முறை காட்டினார். மூன்று முறையும் அவள் ஜன்னலைக் காட்டினாள்.

"உங்க வேல சரிதாண்ணா. ஆனா வர்றவங்களுக்கு ஜன்னலா தெரியும்? ஒரு கண்ணாடிய நேரா மாட்டத் தெரியாதவ ஜாக்கெட்ட எப்படித் தெப்பான்னுதான் கேப்பாங்க."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். பிறகு ரசமட்டத்தைப் பைக்குள் போட்டுப் பித்தானையும் மாட்டினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எங்க நிறுத்தட்டும்?"

ஜன்னலின் கோணலுக்கு ஒத்துப்போக, ஒரு பக்கம் கால் அங்குலம் இறக்கிப் புது ஓட்டை போட்டார். பழைய ஓட்டையைப் பட்டி பூசி அடைத்தார். வேலை முடியும்வரை முகம் மட்டும் பல் பிடுங்கக் கொடுத்தவர் முகமாகவே இருந்தது.

மறுநாள் கடை திறந்ததும், முதல் ஜாக்கெட் துணியோடு வந்து நின்றவர் அண்ணனின் மனைவி. கடை இப்போது நன்றாக ஓடுகிறது. மனைவியை அழைத்துவரும்போதெல்லாம் அண்ணன் வாசலோடு நின்றுவிடுவார்.

"உள்ள வாங்கண்ணா" என்பாள் செல்வி.

"வேணாம்மா. பாத்தா கை சும்மா இருக்காது."

அதனால் டீயை வாசலுக்கே கொண்டுபோகிறேன். அவர் தனியாகக் குடிக்க வேண்டாமே என்று, எனக்கும் ஒரு தம்ளர்.