முத்தம் இல்லாத பேய்ப் படம்

எனக்குப் படம் தேர்ந்தெடுக்கத் தெரியாது. நாற்பத்து நான்கு வயதில், மெல்பர்ன் புறநகரான கிரான்பர்னில் என் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கூச்சமும் இல்லாமல் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டிருந்தால் ஐந்து குழந்தைகள் நிம்மதியாக பாத்ரூம் போயிருப்பார்கள்.

அப்போது என் மகள் நிலாவுக்கு ஏழு வயது. சிட்னியிலிருந்து மெல்பர்ன் வந்து, வருட நடுவில் புதுப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். மூன்று மாதமாகியும் ஒரு ஃப்ரெண்டு கிடையாது. "இன்னைக்கு யார்கூட சாப்பிட்டே?" என்று கேட்டால், "டீச்சர்கூட" என்பாள். அதனால் ஹாலோவீனுக்கு வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேய்ப் படம் போடலாமா என்று அவளே கேட்டபோது, எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு பேரை அழைத்தோம். நான்கு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்!

"அப்பா, பேபி மூவி போட்டா என் மானமே போயிடும். ரியலி ஸ்கேரியா வேணும். ஆனா அவங்க மம்மியெல்லாம் திட்டக் கூடாது."

"அப்பாகிட்ட விட்டுடு," என்றேன். (இந்த வாக்கியத்தை நான் சொன்ன இடத்திலெல்லாம் ஏதாவது ஒன்று உடைந்திருக்கிறது.)

என் பிழைப்பு சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தத் திமிரில் ஏழு படங்களை எடுத்து, எக்ஸெல் ஷீட் ஒன்றைத் திறந்து வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டினேன். நான் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். முத்தம்.

சிரிக்காதீர்கள். எங்கள் திருச்சி வீட்டு டிவியில் யாரை வெட்டினாலும் குத்தினாலும் குடும்பமே முறுக்கு கடித்துக்கொண்டு பார்க்கும். கதாநாயகன் கதாநாயகியை நெருங்கிவிட்டால் போச்சு! வீடே பதறும், சேனல் மாறும். அப்படி வளர்ந்தவன் கண்ணில் ரத்தமெல்லாம் எங்கே படப்போகிறது?

முதல் கார்ட்டூனில் இரண்டு பூசணிக்காய்கள் முத்தமிட்டன. தள்ளு. அடுத்ததில் ஒரு குட்டிப் பேயின் அப்பாவும் அம்மாவும் உதட்டோடு உதடு. சீச்சீ, தள்ளு. இப்படி ஆறு படம் போயிற்று. ஏழாவதில் முத்தமே இல்லை, கன்னத்தில்கூட இல்லை! ஒரு வீடு, ஒரு குடும்பம், அடிக்கடி குளியலறை. சுத்தபத்தமான ஜனங்கள் என்று நினைத்தேன். வயது வரம்பு ஏதோ ஓரத்தில் போட்டிருந்தது. அதெல்லாம் சும்மா சம்பிரதாயம் என்று விட்டுவிட்டேன்.

அன்று என் மனைவி கவிதாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட். மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் சூனியக்காரிகளாகவும் வௌவால்களாகவும் வந்து இறங்கினார்கள். அக்டோபர் கடைசியில் அந்த நேரத்துக்கு இங்கே பட்டப்பகல் மாதிரி வெயில் அடிக்கும். ஜன்னல்களில் பெட்ஷீட்டைக் கட்டி இருட்டாக்கினேன். பக்கத்து வீட்டு ரஜனி அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரர், அந்த நால்வரில் ஒருத்தியான தன் பேத்தி அபியையும் ஒரு தட்டு நிறைய ரோல்ஸையும் கொண்டுவந்தார்.

"தம்பி, படம் பிள்ளையளுக்குச் சரிவருமோ?"

"முழுசா செக் பண்ணிட்டேன் அன்ரி."

"ஓம், அப்ப சரி," என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பாவம், நம்பிவிட்டார்.

பத்தாவது நிமிடத்தில் படத்திலிருந்த சிறுமி டாய்லெட் மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. ஈரமான, நீள நகம் வைத்த கை. பின்னாலேயே தலையும் வந்தது. இந்தத் தடவை சத்தமும் இருந்தது!

ஐந்து பிள்ளைகளும் ஒரே குரலில் அலறினார்கள். நான் ரிமோட்டைத் தேடி எடுத்து, பதற்றத்தில் பழக்கப்பட்ட பட்டனையே அழுத்தித் தொலைத்தேன். பேய் எட்டு மடங்கு வேகத்தில் வெளியே வந்தது.

ஒருவழியாக டிவியை அணைத்து, பெட்ஷீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். அப்போதுதான் நிஜமான ஆபத்து தெரிந்தது. ஆளுக்கு இரண்டு தம்ளர் மாம்பழ ஜூஸ் குடித்திருந்தார்கள். க்ளோயி என்ற பெண் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தாள். ஆனால் பாத்ரூம் பக்கம் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மற்றவர்களும் அப்படித்தான்.

"என்ன தம்பி உது? பாத்தனான் எண்டு சொன்னீங்களெல்லோ?"

"முத்தம் இருக்கான்னு பாத்தேன் அன்ரி."

அன்ரி தலையில் கையை வைத்துக்கொண்டார். நிலாவின் உதடு துடித்தது. "அப்பா, இனிமே என்கூட யாருமே பேச மாட்டாங்க," என்றாள்.

அவ்வளவுதான், எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. டாய்லெட் கழுவும் பிரஷ்ஷை எடுத்தேன். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். நான் மூடியைத் திறந்து, உள்ளே நாலு சாத்து சாத்தி, "கெட் அவுட்! திஸ் இஸ் மை ஹவுஸ்!" என்று கத்தினேன். க்ளோயி எட்டிப் பார்த்தாள். பேய் இல்லை. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெற்றி!

ஆனால் அடுத்த பிள்ளைக்குப் புதிதாக விரட்ட வேண்டுமாம். மூன்றாவது சுற்றில் என் ஆங்கிலம் தீர்ந்துபோய், "ஓடுடா நாயே!" என்று தாய்மொழிக்கு இறங்கினேன். அபி விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாருக்கும் அது தொற்றிக்கொண்டது. ஐந்து பேரும் கை தட்டி, "ஓடுடா நாயே!" என்று கோஷம் போட்டார்கள். நான் உற்சாகத்தில் பிரஷ்ஷைச் சுழற்றித் திரும்பினால், பிள்ளைகளுக்குப் பின்னால் க்ளோயியின் அம்மா நிற்கிறார். அவர் நெற்றியில் தண்ணீர்த் துளி. (அது எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

அந்த வாரம் முழுக்க நான் மன்னிப்பு மெசேஜ்தான் அனுப்பினேன். நான்கு வீட்டிலும் பிள்ளைகள் தனியாக பாத்ரூம் போக மறுத்தார்கள். ஆனால் மறுநாள் பள்ளிவிட்டு வந்த நிலாவுக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை. வகுப்பே அவளைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டதாம். க்ளோயி பேயாகவும், நிலா நானாகவும் நடித்துக் காட்டினார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது நிலாவுக்குப் பதின்மூன்று வயது. அதே கூட்டம் ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் வருகிறது. படத்தை அவள்தான் தேர்ந்தெடுக்கிறாள். போன தடவை நானும் ஆசையாகப் பாப்கார்ன் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, இதுல கிஸ்ஸிங் சீன் இருக்கு," என்றாள் நிலா.

சட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கொல்லையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கவிதா மட்டும் உள்ளே உட்கார்ந்து முழுவதும் பார்த்தாள்.

"ரொம்ப மோசமா இருந்துச்சா?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"மோசமா? அது சுறா மீனைப் பத்தின டாக்குமென்ட்ரிங்க."