உடைந்த பாலத்தின் இலாபத்தன்மை

ஒரு வாகனம் ஓரிடத்தில் நாற்பது நிமிடம் நின்றால் அங்கே இலாபம் இருக்கிறது என்று கொழும்பில் மேலிடம் ஒன்று தீர்மானித்தது. நிற்கிற வாகனம் சும்மா நிற்காதாம், மின்சாரம் ஏற்றிக்கொள்ளுமாம். தீர்மானம் எடுத்தால் குழு வேண்டும், குழுவுக்குப் பெயர் வேண்டும். ‘மின்வாகன மின்னேற்று நிலைய இடத்தெரிவு மற்றும் இலாபத்தன்மை மதிப்பீட்டுக் குழு’ என்று வைத்தார்கள். குழுவின் வாகனத்தில் எழுதியபோது பெயர் முன்கதவில் கொள்ளாமல் பின்கதவு வரைக்கும் போயிற்று. ஆட்கள் என்னவோ இரண்டே பேர். தலைவர் பாலசுப்பிரமணியம் யோசிப்பார். உறுப்பினர் தனுஷிகா டெப்லெட்டில் தட்டுவார்.

இந்தச் சங்கதி எதுவும் கஜேந்திரனுக்குத் தெரியாது. கஹவத்தை டவுனிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில், பாலத்தைத் தாண்டியதும் அவன் மாவு மில் வைத்திருக்கிறான். மில் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது ஓடுவதில்லை. கரண்ட் இருக்கிறது, பலமில்லை. மேலே தேயிலை பெக்டரியில் மெஷினைப் போட்டால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து பல்பெல்லாம் சிவந்துபோகும். இவன் மோட்டார் உறுமும், கல் சுற்றாது. டிரான்ஸ்ஃபோமர் கேட்டுப் பதினொரு கடிதம் எழுதிவிட்டான். தீபாவளிக்குள் கல் சுற்றவில்லையென்றால் மெஷினைக் கழற்றி விற்றுவிட்டுக் கொழும்பில் எதாவது கடையில் போய் நிற்க வேண்டியதுதான் என்று மனைவி ஜெயம்மாவிடம் சொல்லியிருந்தான். சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பாலத்தையும் சொல்லிவிடுகிறேன். அது பாதிப் பாலம். மற்றப் பாதியை இரண்டு வருஷத்துக்கு முந்திய மழை கொண்டுபோய்விட்டது. ஒரு நேரத்தில் ஒரு கரை வாகனம்தான் போகலாம் என்பதால் தோட்டத்தார் தாங்களே ஒரு சட்டம் போட்டார்கள். கொழுந்து பறிக்கும்போது செடிமேல் மட்டம் பார்க்க ஒரு நீளக் கம்பு வைப்பார்களே, அந்த மட்டக்கம்பில் ஒன்றைப் பாலத்துக்குக் கொடுத்தார்கள். கம்பு எந்தக் கரையில் இருக்கிறதோ, அந்தக் கரைக்காரர் போகலாம். கடைசியாகப் போகிற வாகனம் கம்பைக் கொண்டுபோய் அக்கரையில் கொடுக்க வேண்டும். கம்பில்லாமல் தோட்டத்து மேனேஜர் பெரிய தொரையின் ஜீப்கூடப் பாலத்தில் இறங்காது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் கொழுந்து லொறிக்காரன் ஞாபகமறதியில் கம்போடு பெக்டரிக்கே போய்விடுவான். ஆள் அனுப்பி வாங்கிவர வேண்டும்.

குழு வந்த அன்றும் கம்பு பெக்டரிக்குப் போயிருந்தது. நாற்பத்து மூன்று நிமிடம் காத்துக் கிடந்து இக்கரைக்கு வந்து இறங்கிய தலைவரிடம், கஜேந்திரன் முறையிடப் போனான்.

“சார், பாலம் ஒடஞ்சு ரெண்டு வருஷமாச்சுங்க. எல்லா வாகனமும் இப்படித்தான் கெடக்குது.”

“எல்லா வாகனமுமா?”

“எல்லாந்தாங்க. நாப்பது நிமிஷம், அம்பது நிமிஷம்.”

“சுத்திப்போக வேற பாதை?”

“இல்லைங்க.”

பாலசுப்பிரமணியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், இரண்டு மாகாணம் அலைந்திருக்கிறார். பாதை நன்றாக இருக்கிற ஊர்களில் வாகனங்கள் நிற்காமல் போய்விடுகின்றன.

“தனுஷிகா, எழுதுங்க. நிறுத்தம் கட்டாயமானது. போட்டி இல்லை.”

“சார், நிறுத்தத்துக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. உணவகம், வழிபாட்டுத் தலம், இயற்கை எழில். உடைஞ்ச பாலம் இல்லை.”

தலைவர் எட்டிப் பார்த்தார். பாலம் போன இடத்தின் வழியாக ஆறு தெளிவாகத் தெரிந்தது.

“இயற்கை எழில்னு போடுங்க. இங்க நிலையம் வந்தா டிரான்ஸ்ஃபோமரும் வந்தாகணும்.”

கஜேந்திரனுக்குக் காது குளிர்ந்தது. “நம்ம மில்லுக்குப் பக்கத்துலயாங்க?”

“பத்தடி தள்ளி. ஆனா ஒண்ணு, பாலத்தை யாரும் திருத்தக்கூடாது. பாலம் சரியானா நிறுத்தம் போயிடும், நிறுத்தம் போனா இலாபம் போயிடும்.”

“அதை யாருங்க திருத்தப் போறாங்க?” என்றான் கஜேந்திரன், முழு நம்பிக்கையோடு.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. அடுத்த வாரமே வேறொரு அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. தோட்ட மக்களின் வேண்டுகோளைக் கனிவுடன் பரிசீலித்ததில், பாலம் அடுத்த மாதம் திருத்தப்படுமாம். கஜேந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் ஆட்களுக்குப் பேர் போடுகிற பிரட்டுக்களத்துக்குப் புது மனுவோடு ஓடினான்.

கங்காணி நாகலிங்கம் அதை இரண்டு தரம் படித்தார். “போன தடவை பாலம் வேணும்னு போட்டோம். இப்ப வேணாம்னா போடணும்?”

“டிரான்ஸ்ஃபோமர் வருதுங்க. லயத்துக்கும் வெளிச்சம் வரும்.”

“அப்ப சரி. பேனையக் குடு.”

எல்லாரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். ஜெயம்மா மட்டும் போடவில்லை.

“மழையில கொழுந்த வச்சுக்கிட்டு லொறிக்குக் காத்துக் கெடக்கிறோம். நீங்க பாலம் வேணாம்னு எழுதிக் குடுக்கிறீங்களா?”

“மில்லு ஓடட்டும் ஜெயம்மா. அப்புறமா பாலத்தைக் கேப்போம்.”

பாலம் வேண்டும் என்ற மனுவுக்குப் பதில் வர இரண்டு வருஷம் பிடித்தது. வேண்டாம் என்ற மனு இரண்டே நாளில் அங்கீகரிக்கப்பட்டது. பொதுமக்களின் முன்மாதிரியான ஒத்துழைப்பைப் பாராட்டி ஒரு கடிதம்கூட வந்தது. கஜேந்திரன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மில்லில் மாட்டினான்.

புரட்டாசியில் நிலையம் வந்தது, டிரான்ஸ்ஃபோமரும் வந்தது. சுற்றிவரக் கம்பிவேலி போட்டு, ‘மின்வாகனங்களின் பாவனைக்கு மாத்திரம்’ என்று பலகையும் தொங்கவிட்டார்கள். கஜேந்திரன் தலைவரைப் பிடித்தான்.

“சார், நம்ம மில்லுக்கு ஒரு லைன்?”

“உங்க மில் வாகனமா?”

“இல்லைங்க. ஆனா கல்லு சுத்தும்.”

“சுத்தினா போதாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகுமா?”

“போகாதுங்க.”

“அப்ப அது நிலையான சொத்து. எங்க நிதியில நிலையான சொத்துக்கு இடமில்லை. மனு ஒண்ணு எழுதிக் குடுங்க.”

அது பன்னிரண்டாவது கடிதம். பதில் வரவில்லை, தீபாவளி வந்துவிட்டது. பலகாரத்துக்கு ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியை ஜெயம்மா மூட்டை கட்டிப் புருஷன் முன்னால் வைத்தாள்.

“டவுன்ல போய் அரைச்சுட்டு வாங்க. கையெழுத்துப் போட்ட கைதானே, தூக்கட்டும்.”

மில்காரன் மாவரைக்க வெளியூர் போனான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. தன் மில் வாசலிலேயே பஸ் ஏறினான். பஸ் பத்தடி போய் நின்றது. பாலத்தின் நடுவே குழுவின் மின்வாகனம் நின்றுகொண்டிருந்தது. அக்கரையில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் கம்புக்குக் காத்திருந்ததில் பெட்டரி தீர்ந்து, நிலையத்துக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் உயிரை விட்டிருந்தது. மட்டக்கம்பு அதற்குள்ளே இருந்தது. கம்பு கைமாறாமல் தள்ளுவதற்குக்கூடச் சட்டத்தில் இடமில்லை என்று இரண்டு கரையிலும் சனங்கள் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

தலைவர் கண்ணாடியை இறக்கி, “இன்றைக்கு நிறுத்தம் மூணு மணித்தியாலத்தைத் தாண்டும்” என்று அக்கரைக்கும் இக்கரைக்கும் பொதுவாக அறிவித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

தனுஷிகா இறங்கி நடந்துவந்து பஸ்ஸில் ஏறி, ஆள் ஆளாய்க் கணக்கெடுத்தார். கடைசி சீட்டில், மடியில் அரிசி மூட்டையோடு இருந்தவனிடம் வந்தார்.

“எங்க போறீங்க?”

“மில்லுக்குங்க.”

“நிறுத்தத்துக்கான காரணம்?”

கஜேந்திரன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வேலிக்குள்ளே டிரான்ஸ்ஃபோமர் ரீங்காரம் போட்டது. பக்கத்தில் அவன் மில் பூட்டிக்கிடந்தது. பாலம் போன இடத்தில் ஆறு தெளிவாகத் தெரிந்தது.

“இயற்கை எழில்னு போடுங்க” என்றான்.