வாத்துக்குப் பிரசங்கம் செய்தவன்

கடவுள் உலகத்தை ஆறு நாளில் படைத்தார் என்கிறது வேதம். அந்த வேலையை மூணு பாயிண்ட்டிடம் ஒப்படைத்திருந்தால் மூன்றே நாளில் முடித்து, "ஆகவே அன்பானவர்களே" என்று சுருக்கமும் சொல்லிவிட்டு மெஸ்ஸில் முதல் பந்திக்கு வந்து உட்கார்ந்திருப்பான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன இறையியல் கல்லூரியில் நான் படித்தபோது, மூணு பாயிண்ட் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த அவன் என் அறைத்தோழன். நல்ல பிரசங்கத்துக்கு மூன்று குறிப்புகள் வேண்டும் என்பது அங்கே முதல் வருடப் பாடம். நாங்கள் எல்லாரும் அதை வகுப்போடு விட்டுவிட்டோம். அவன் மட்டும் மெஸ்ஸுக்கும் சலூனுக்கும் குளியலறை வரிசைக்கும் தூக்கிக்கொண்டு போனான். மெஸ் உப்புமாவை "கட்டி, கல், கண்ணீர்" என்று பிரித்து அவன் வார்டனுக்கு விளக்கியபோது நான் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அவனோடு வெளியே போவது பெரிய மானக்கேடு. ஒரு சனிக்கிழமை நான் பெண்ணாடத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கும், அவன் அங்கே ஒரு கல்யாணத்துக்கும் ஒரே பஸ்ஸில் போனோம். படியில் நின்றவனை உள்ளே போகச் சொன்னார் கண்டக்டர்.

"அண்ணே, உள்ள போவாததுக்கு மூணு பாயிண்ட் இருக்குது. ஒன்னு, உள்ள எடமில்ல. ரெண்டு, இருக்குற எடத்துல ஒரு அக்கா சேவலோட ஒக்காந்திருக்காங்க. மூணு, அந்த சேவலு என்ன மொறைக்குது."

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் என் பக்கம் திரும்பி, "தம்பி, இது ஒங்க கூட வந்ததா?" என்றார்.

"தெரியாதுண்ணே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்துப் பையிலிருந்த சேவல் கொக்கரக்கோ என்றது. மூணு பாயிண்ட் என்னை ஒரு பார்வை பார்த்தான். நிலக்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

எங்கள் அப்பா விருத்தாசலத்தில்தான் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூப்பர்வைசர். பி.இ. படிக்க வைத்த மகன் இறையியல் படிக்கப் போனதில் அவருக்குக் கோபம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஹாஸ்டலுக்கு வந்தார். மாடி வராந்தாவில் மூணு பாயிண்ட் பிரசங்கப் பயிற்சியில் இருந்தான். பட்டறையில் கழித்துப் போட்ட பொம்மைகளைப் பொறுக்கிவந்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். காது போன முயல்கள், தும்பிக்கை போன யானை, முன் வரிசையில் மூக்கு உடைந்த ஒரு வாத்து. அவைதான் சபை.

"முன்னாடி ஒக்காந்து தூங்குறியே, ஒனக்குதான் சொல்றேன்!" என்று வாத்தை அதட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "எஞ்சினியரிங் முடிச்சிட்டு இதுக்குதான் வந்தியா?"

"அவன் அப்படித்தான்பா. நான் அப்படியில்ல."

"எனக்கு ஒன்னும் புரியல. ஒரே ஒரு தபா நீ பேசுறத வந்து கேக்குறேன். மனசுக்குப் புடிச்சா படி. இல்லன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்துடு. கம்பெனில ஒனக்கு வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

அந்த ஒரு தடவையும் வந்தது. கடைசி வருட மாணவர்களை ஞாயிறுதோறும் இரண்டிரண்டு பேராகக் கிராமத்துச் சபைகளுக்கு அனுப்புவார்கள். ஒருவன் பிரசங்கம் செய்ய, மற்றவன் பாட்டு நடத்த, பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். எனக்கு வேப்பூர் பக்கம் ஒரு சபை விழுந்தது. பாட்டுக்கு யார் என்று கேட்காதீர்கள்.

அது லெந்து காலம். ஈஸ்டருக்கு முந்தைய துக்க நாட்கள். பிரசங்க மேடையில் ஊதாத் துணி, பூ கிடையாது, பாட்டெல்லாம் அழுகைப் பாட்டு. எனக்குக் கொடுத்த வேதப் பகுதி, பேதுரு தன் குருவை யாரென்றே தெரியாது என்று மறுதலித்தது. மூன்றாவது வரிசையில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் குறிப்பைக் கணீரென்று சொன்னேன். பேதுரு தெரியாது என்றான், உடனே சேவல் கூவியது என்று சொல்லும்போது என் கண் தானாக ஆர்மோனியப் பக்கம் போனது. அங்கே மூணு பாயிண்ட் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் பெண்ணாடம் பஸ் ஞாபகம் வந்துவிட்டது.

அவ்வளவுதான். இரண்டாவது குறிப்பு போன இடம் தெரியவில்லை. "ஆகவே" என்றேன். மறுபடியும் "ஆகவே" என்றேன். யாரோ, "தம்பிக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றார்கள். அப்பா எழுந்திருக்கத் தயாராகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. மூணு பாயிண்ட் எழுந்து நின்று, கையைத் தட்டி, ஊரே கேட்கும் குரலில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துவிட்டான். மாட்டுக்கொட்டகை, நட்சத்திரம், தாலாட்டு எல்லாம் வந்தன. ஊதாத் துணிக்கு முன்னால், லெந்து காலத்தில்!

முன் வரிசையில் ஒரு அம்மா தாங்க மாட்டாமல், "ஏ தம்பி! செலுவைக்குப் போற நேரத்துல தொட்டிலு கட்டுறியே!" என்றார். சபை வெடித்துச் சிரித்தது. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் எனக்கு மூச்சு வந்தது, இரண்டாவது குறிப்பும் வந்தது. மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

வெளியே அப்பா செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். "தெணறிட்ட. ஆனா நல்லாதான் பேசுன. படிச்சி முடி. வர ஞாயித்துக்கெழம அந்த வாத்துப் புள்ளய வூட்டுக்குச் சாப்புட அழைச்சிட்டு வா."

திங்கட்கிழமை கல்லூரியில் அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார்கள். ஆராதனையைக் கேலிக்கூத்தாக்கினான் என்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஞாயிறு ஊழியத்தில் ஃபெயில், அடுத்த வருடம் திரும்பவும் செய்ய வேண்டும். அவன் மூன்று பாயிண்ட்டில் மன்னிப்புக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். ஒருவன் குற்றத்தை இன்னொருவன் சுமப்பதைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். எழுதிய கையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிறு பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடமில்லை, படிக்குப் பக்கத்தில் நின்றோம்.

"ஏன்டா அந்தப் பாட்ட பாடுன?"

"மூணு பாயிண்ட் இருக்குது. ஒன்னு, லெந்து பாட்டு பாடியிருந்தா நீ அங்கயே அழுதிருப்ப. ரெண்டு, சிரிக்கிறதுன்னா என்னைப் பாத்து சிரிக்கட்டும், எனக்குப் பழக்கந்தான். மூணு..."

"உள்ள போ, உள்ள போ!" என்று வந்தார் கண்டக்டர். அதே கண்டக்டர். அவனை அடையாளம் தெரிந்துவிட்டது. "யப்பா, நீயா! ஒன்ன யாரு கூட்டிக்கிட்டு வரது?"

"நான்தாண்ணே" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "என் கூட வந்தவரு. எங்க வூட்டுக்குச் சாப்புட வராரு."

மூணு பாயிண்ட் பெண்ணாடம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே கரும்பையே பார்த்துக்கொண்டு வந்தான். மூன்றாவது பாயிண்ட்டை அவன் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.