ஏப்பத்துக்கு மருந்து

சின்னுசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டுக் கலக்கினார். செவலை மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தின்னு சாமி. உன்ற ஏப்பத்துலதான் ஒலகமே சூடாவுதாம்!"

மாட்டின் ஏப்பத்தில் போகும் வாயுவைக் குறைக்கிற மூலிகைத் தவுடு அது. பூண்டு, எலுமிச்சைப்புல் எல்லாம் கலந்தது என்று ஆராய்ச்சிக்கு வந்த பிரவீனா சொல்லியிருந்தாள். அந்த ஆராய்ச்சிக்குத் தங்கள் மாட்டின் பெயரைக் கொடுத்தது சின்னுசாமியின் மனைவி சௌந்திரம். அவள் இறந்து, எடுத்த மறுநாள், சாவு வீடென்று தெரியாமல் மூட்டையை இறக்கிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து செவலை தவுட்டைத் தொடவில்லை. சோளத்தட்டைக் கடமைக்குக் கடித்தது. பால் வற்றிக்கொண்டே வந்தது.

மகள் தனப்பிரியா திருப்பூரிலிருந்து போன் செய்தாள்.

"பாலுமில்ல, பாக்க ஆளுமில்ல. வெள்ளிக்கெழம யாவாரிய வரச் சொல்லிட்டனுங்கப்பா. மாட்டக் குடுத்துட்டு இங்க வந்துருங்க."

சின்னுசாமிக்குப் பகீரென்றது. சௌந்திரம் கன்றிலிருந்து வளர்த்த மாடு. அதுவும் போய்விட்டால் அவளை நினைத்துக்கொள்ள அந்த வீட்டில் அவருக்குத் துணையே இல்லை.

தவுட்டில் வெல்லம் கரைத்தார். கட்டெறும்பு மொய்த்து மாட்டின் மூக்கைக் கடித்தது. மாடு தொட்டியைக் கவிழ்த்தது.

தானே ஒரு பிடி தின்று காட்டினார். "பூண்டு வவுத்தப் பொரட்டுது" என்று பொழுதுக்கும் காட்டுப்பக்கம் ஓடினார்.

பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் யோசனை சொன்னாள். "ஏனுங் மாமா, அக்கா சீலையக் கட்டிக்கிட்டுப் போய்ப் போடுங்க. எங்கூட்டு எருமை அப்பிடித்தான் ஏமாந்துச்சு."

வேட்டிக்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு போனார். செவலை ஆவலாய் வந்து முந்தானையில் முகத்தைப் புதைத்தது. அவருக்கு உயிர் வந்தது. பிறகு அது மெல்ல அண்ணாந்து அவருடைய மீசையைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் ஊரே கட்டுத்தரைக்கு வந்துவிட்டது.

சேலையோடு நின்ற சின்னுசாமியின் கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்தது.

"ஏனுங் மாமா, அழுவறீங்களா?"

"அழுவல. இந்தப் பூண்டு நெடி, கண்ணு எரியுது" என்று முந்தானையாலேயே துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு செவலை தட்டையும் தொடவில்லை. வியாழக்கிழமை பிரவீனாவை வரவழைத்தார்.

"எப்ப இருந்துங்கய்யா திங்கல?"

"உங்க மூட்ட வந்த நாள்ல இருந்துதான் அம்மணி. அந்த நாத்தம் மனுசனுக்கே ஆவல, வாயில்லாச் சீவன் என்ன பண்ணும்? நாளைக்கு யாவாரி வாரான். இந்த மூட்டைய எடுத்துக்கிட்டுப் போயிருங்க, மாடு தின்னுக்கும்."

பிரவீனா ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். சங்கடத்தோடு அவரைப் பார்த்தாள்.

"மருந்து தின்ன மாட்டையும் தின்னாத மாட்டையும் ஒப்பிட்டுப் பாக்கோணுமுங்க. அதுக்காகப் பாதிப் பேருக்கு மருந்தே கலக்க மாட்டோம். இது வெறும் தவுடுங்கய்யா, அம்மா எப்பவும் போடற அதே தவுடு."