கொடைக்கானல் ஈ

அரைகுறை அறிவு உள்ளவன் வாயை மூடிக்கொண்டிருப்பது குடும்பத்துக்கு நல்லது. நான் மூடவில்லை. அதனால் ஒரு மதியம் முழுக்க என் மாமனாரைக் கொலைகாரர் என்று நம்பினேன்.

ஈக்களைப் படம் எடுத்து, இன்ன இனம் என்று கண்டுபிடித்து, இணையக் குழுவில் போடும் பழக்கம் எனக்கு உண்டு. (பார்ப்பது என்னவோ வங்கி வேலை.) கல்யாணமான இரண்டாம் மாதம் மனைவி செல்வியோடு அவள் ஊரான கானாடுகாத்தானுக்குப் போயிருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பெரிய வீடு பக்கத்தில் பூட்டிக் கிடந்தது. சாவி மாமாவிடம். காவல் கருப்பையா. அவர் கொடைக்கானலில் மகளைப் பார்க்கப் போய் நாலு நாளாகியும் போனை எடுக்கவில்லை. அவர் மனைவி ராக்கு மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது போகாமல், மாமா திறந்து வைத்திருந்த பின்கதவு வழியாக அந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தேன். மழை மூட்டத்தில் பட்டப்பகலிலேயே இருண்டு கிடந்தது. கடைசி அறைக்குள்ளிருந்து, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோல ஒரு ரீங்காரம். சாவித் துவாரத்திலிருந்து ஓர் ஈ வெளியே வந்து, நிதானமாக என் கைமேல் உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. லேசாக வாடையும் அடித்தது. உடனே படம் எடுத்தேன்.

நீல உடம்பு, ஆரஞ்சுக் கன்னம். பிணத்தைத் தேடி வரும் ஈ. அதில் இரண்டு இனங்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சமவெளியில் உள்ளது பளபளக்கும். குளிர்ந்த மலையில் உள்ளது மங்கலாக இருக்கும். என் படத்தில் இருந்ததோ மங்கல். குழுவில் ஒருவர், "செட்டிநாட்டு வெயிலில் அது கிடையாது. மறுபடி பாருங்கள்" என்று எழுதினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மலை ஈ இங்கே எப்படி வரும்? மலைக்குப் போனவரோடு வரும். ஆக, கருப்பையா திரும்பிவிட்டார். இந்த அறையில் கிடக்கிறார். (அந்த ஈ எந்த பஸ்ஸில் வந்தது என்று யோசிக்கவில்லை.)

மாமாவிடம் சாவி கேட்டேன். அவர் முகம் வெளிறியது.

"அங்குட்டு ஏன் போனீக மாப்ள? அந்த ரூமைத் தொறக்க வேணாம்."

"உள்ள ஆள் இருக்கா மாமா?"

"ஆளா? ஒண்ணுமில்ல. பேசாம சாப்பிட வாங்க."

சாவிக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இந்த மனிதர் பரிமாறித்தான் காலையில் எட்டு இட்லி சாப்பிட்டிருந்தேன்.

நான் செல்வியிடம் கிசுகிசுத்தது ராக்குவின் காதில் விழுந்துவிட்டது. மாமாவிடமிருந்து கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நாங்களும் ஓடினோம். கதவு திறந்தது. உள்ளே இருட்டில், உத்தரத்திலிருந்து ஒரு வெள்ளை வேட்டி தொங்கி மெல்ல ஆடியது. அதன்மேல் கருகருவென்று ஈ.

"ஐயோ, என்னைய விட்டுட்டுப் போயிட்டீகளே!"

ராக்கு தரையில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன். கூடவே, என் கணிப்பு பலித்ததே என்று ஒரு கணம் பெருமை வந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

செல்விதான் ஜன்னலைத் திறந்துவிட்டு வேட்டியை இழுத்தாள். உள்ளே கயிறு கயிறாக உப்புக்கண்டம். உப்பும் மஞ்சளும் தடவிக் கோத்த ஆட்டுக்கறி, மழையில் சரியாகக் காயாமல் நாறத் தொடங்கியிருந்தது. மாமாவுக்கு நடந்த இதய ஆபரேஷனுக்குப் பிறகு கறியும் உப்பும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமா திருட்டுத்தனமாகத் தொங்கவிட்டு, ஈ மொய்க்காமலிருக்கத் தன் வேட்டியைப் போர்த்தியிருக்கிறார்.

"அப்பா!" என்றாள் செல்வி. மாமா உத்தரத்தைப் பார்த்தார். வெளிச்சம் பட்டதும் ஈக்கள் பச்சையும் நீலமுமாகப் பளபளத்தன. அத்தனையும் உள்ளூர் ஈ.

மறுநாள் கருப்பையா ஒரு பை நிறையப் பேரிக்காயோடு வந்து இறங்கினார். மகள் ஊரில் சிக்னல் இல்லையாம். ராக்கு அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். பிறகு என் பக்கம் திரும்பினார். அப்போது அவர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது.

மாமாவுக்கு அதன்பின் கறி வாசனைகூடக் கிடைக்கவில்லை. நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம், பெட்டியை இறக்கி வைப்பதற்குள் ராக்கு தன் கணவரைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்திவிடுவார்.

"நல்லாப் பாத்துக்கங்க மாப்ள. உசுரோடதான் இருக்காரு. சந்தேகம்னா கிள்ளிப் பாருங்க."

கருப்பையாவும் சிரிக்காமல் கையை நீட்டுவார்.