பிலோமினாவைப் புகழ்ந்த பாவம்

நான் சீட்டாடியதில்லை. யார் வீட்டுச் சாமானையும் திருடியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு நாளும் தவறியதில்லை. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் வராது.

நான் புறணி பேசுவேன். ஏதோ பொழுது போகாமல் நாலு பேர் பேசுவார்களே, அந்த மாதிரி இல்லை. ஒருத்தி புதுப்புடவை கட்டிக்கொண்டு தெருவில் போனால், அவள் முனை திரும்புவதற்குள் அந்தப் புடவையின் பூர்வீகத்தையே சொல்லி முடித்துவிடுவேன். (பாதி கற்பனைதான். மீதிப் பாதி உண்மையாக இருந்துவிடும், அதுதான் ஆபத்து.)

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் பாலக்கரையில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் தினமும் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்துக்குப் போய், ஒரு பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். என் வீட்டுக்காரர் அந்தோணி அச்சாபீசில் புரூஃப் பார்ப்பவர். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்து அவர் சம்பளம் வாங்கினார். அதே வேலையை நான் சம்பளம் இல்லாமல் செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். எங்கள் பங்குசாமியார் வயதானவர். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தொட்டி என்று நாங்கள் சொல்லும் மரக்கூண்டில் முழந்தாளிட்டு, "சுவாமி, நான் பாவி" என்று ஆரம்பிப்பதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"புறணிதானே?"

"ஆமா சாமி."

"எத்தனை தடவை?"

"எண்ணலை சாமி."

"பத்து அருள்நிறை மந்திரம் சொல்லு. போயிட்டு வாம்மா."

வெள்ளை வெளேரென்று வெளுத்த ஆத்துமாவோடு வெளியே வருவேன். கோயில் வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில் நாலு பெண்கள் நிற்பார்கள். சேசுநாதர் உயிர்த்தெழ மூன்று நாள் ஆயிற்று. என் பாவம் பத்தாவது நிமிஷத்திலேயே எழுந்துவிடும்.

அந்த வருஷம் தவக்காலத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் இளம் சாமியார் வந்தார். "வருஷக்கணக்காக ஒரே பாவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கொட்டுகிறீர்கள். வெளியே போகும்போது அதையே பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போகிறீர்கள்" என்றார். பக்கத்து வீட்டு லூர்தம்மாளுக்கு நன்றாக உறைக்கட்டும் என்று அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் வழியும் சொன்னார். ஒரே ஒரு பாவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு மத்தியானமும் சாயங்காலமும் ஆத்தும சோதனை செய்ய வேண்டும். விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. வாரக் கடைசியில் எண்ணிக்கையோடு போய் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

அன்றைக்கே நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஆத்தும சோதனை: புரணி' என்று எழுதினேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், 'ர' அடிக்கப்பட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் 'ற' போட்டிருந்தது.

"என்னங்க இது? என் ஆத்தும சோதனை நோட்டுங்க!"

"ஆத்துமால பிழை இல்ல, சரியாத்தான் எழுதியிருக்க" என்றார் என் வீட்டுக்காரர். "புறணிக்குத்தான் வல்லினம்."

முதல் வாரம் முடிந்து சனிக்கிழமை எங்கள் பங்குசாமியாரிடம் போனேன்.

"எழுபத்து நாலு தடவை சாமி."

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு, "இந்த மாசத்திலயா?" என்று கேட்டார்.

"இந்த வாரத்தில சாமி. செவ்வாய்க்கிழமை தொண்டை கட்டிக்கிச்சு."

சாமியார் பெருமூச்சு விட்டார். மந்திரமெல்லாம் எனக்குப் பற்றாது என்று அன்றைக்கு முடிவு கட்டியிருக்க வேண்டும். "நீ யாரைப் பத்திக் குறை சொன்னியோ, அவங்களைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லணும். குறையைக் கேட்ட அதே காதிலயே போய்ச் சொல்லணும். பொய் சொல்லக் கூடாது. இதுதான் உனக்கு அபராதம்" என்றார்.

என் புறணியைக் கேட்டவற்றில் முதல் காது பத்மாசனியுடையது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர், ஸ்ரீரங்கத்துக்காரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் புளியோதரை கொண்டு வருவாள், நான் ஊர்க்கதை கொண்டு வருவேன். திங்கட்கிழமை அவளிடம், "நம்ம ஹெட்மிஸ்ட்ரஸ் எவ்வளவு பொறுமையானவங்க, இல்ல?" என்றேன்.

பத்மாசனி கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே போட்டுவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடி செசிலி, ஜுரமா?"

"இல்லடி, நெசமாத்தான் சொல்றேன். கையெழுத்துகூட முத்து முத்தா இருக்கும் அவங்களுக்கு."

"பெருமாளே!" என்று மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "நீயே இப்படிச் சொல்றேன்னா... டாக்டர் ஏதாவது கெடு வச்சுட்டாரா அவளுக்கு?"

வியாழக்கிழமைக்குள் ஹெட்மிஸ்ட்ரஸுக்குத் தீராத வியாதி என்று பள்ளிக்கூடம் முழுவதும் பரவிவிட்டது. ஒரு டீச்சர் அழுதுகொண்டே ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போய்க் கொடுத்தாள். புத்தியுள்ளவள் அங்கேயே நிறுத்தியிருப்பாள். நானோ நோட்டைப் பார்த்துப் பூரித்துப் போனேன். இரண்டாம் வாரம் ஒன்பதே புள்ளி. மூன்றாம் வாரம் பக்கமே வெள்ளை. (தலையான பாவங்கள் ஏழில் முதலாவது ஆங்காரம். அதற்கு என் நோட்டில் பத்தி இல்லை.)

அந்தச் சமயத்தில்தான் பிலோமினாவுக்கு வரன் வந்தது.

பிலோமினா எங்களுக்கு எதிர் வீடு. தகப்பனில்லாத பெண். தையல் மெஷின் மிதித்துத் தன்னையும் அம்மா அருளம்மாளையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு ஆகிவிட்டது. அதற்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தம் கை நழுவிப் போயிருந்தது. இந்தப் பையனுக்கு ரயில்வேயில் வேலை. அவனுடைய அக்கா திரேசம்மாள் ஸ்ரீரங்கத்தில் நர்ஸ். அந்த அம்மாள் ஒருநாள் மத்தியானம் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"நீங்கதானே பாலக்கரை செசிலி டீச்சர்? பிலோமினாவைப் பத்தி விசாரிக்கலாம்னு வந்தேங்க. உங்க சந்துல மூணு வீட்ல கேட்டுட்டேன். மூணு பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. அந்தப் பொண்ணுகிட்ட குறைன்னு ஒண்ணு இருந்தா செசிலி டீச்சருக்குத் தெரியாம இருக்காது, அவங்களைப் போய்க் கேளுங்கன்னாங்க."

என் புகழ் காவேரிப் பாலத்தைத் தாண்டிவிட்டது. எனக்குக் காது மடல் சுட்டது. ஆனால் என்ன, இன்றைக்குப் பார்க்கட்டும் இந்தப் புது செசிலியை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தங்கமான பொண்ணுங்க" என்றேன்.

"சரிங்க. கோபதாபம் எப்படி?"

"கோபமா? பிலோமினாவுக்கா?" (கேள்வியாகத் திருப்பிக் கேட்டுவிட்டால் பொய்யாகாது என்று அந்த நிமிஷத்தில் ஒரு வேதசாஸ்திரம் உண்டாக்கினேன்.)

"வீட்டு வேலையெல்லாம்?"

"அப்படி ஒரு பொறுப்பு."

"வேற ஏதாவது... சின்னதா... நீங்க தாராளமா சொல்லலாம். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"ஒரு குறையும் இல்லீங்க. சத்தியமா ஒண்ணுமே இல்லீங்க."

நர்ஸ் அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குப் பின்னால் நின்ற பத்மாசனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "சரிங்க டீச்சர்... புரியுதுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். என்ன புரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. அன்றைய வெள்ளைப் பக்கத்தில் சந்தோஷமாக ஒரு சின்னச் சிலுவை வரைந்து வைத்தேன்.

மூன்றாம் நாள் அருளம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"சம்பந்தம் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த நர்ஸம்மாகிட்ட என்னம்மா சொன்ன நீ?"

"தங்கமான பொண்ணுன்னு சொன்னேங்க."

"நீயா?"

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. "என் புள்ள உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணினா? போன கிறிஸ்மஸுக்கு ராத்திரி பகலா உனக்கு ஜாக்கெட் தைச்சுக் கொடுத்தாளே!" என்று அழ ஆரம்பித்தாள். சந்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "இந்த ஒரு தடவை இவ சொல்றது நெசம்தாங்க" என்று பரிந்து பேசினார். (இப்படி ஒரு சாட்சி இருந்தால் எதிரியே வேண்டாம்.) வாழ்நாளில் ஊரையே கடித்துக் குதறிய காலத்தில் ஒருத்தரும் என் வாசலில் வந்து அழுததில்லை. நல்லது சொன்னதற்கு ஓர் ஏழைத் தாய் அழுகிறாள்.

மறுநாள் பிலோமினாவே வந்தாள், கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டபடி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அக்கா, அவங்க என்ன சொல்லி அனுப்பினாங்க தெரியுமா? செசிலி டீச்சரே வாயைத் திறக்காத அளவுக்கு அந்தப் பொண்ணுகிட்ட ஏதோ இருக்குன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னைப் பத்தி நாலு குறை சொல்லியிருந்தீங்கன்னா இந்நேரம் பேச்சு முடிஞ்சிருக்கும். அவர் வந்து பார்த்துட்டுப் போனாருக்கா. எனக்கும் பிடிச்சிருந்துச்சு." அந்தக் கடைசி வார்த்தையில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் தேய்ந்தது. உடனே சரி செய்துகொண்டு, "போய் வழக்கம்போல பேசிட்டு வாங்க" என்றாள்.

"ஐயோ, தவக்காலம் பிலோமினா. நான் விட்டுட்டேன்."

"நானே சொல்றேன், எழுதிக்கோங்க. கோபம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டேன். காலையில எழுப்புறது கஷ்டம். தையல்ல குத்தம் சொன்னா துணியை மூஞ்சில விட்டெறிவேன். லூர்தம்மாவைக் கேளுங்க."

என் பரிசுத்தமான நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். வாய் சும்மா இருக்கவில்லை. "அப்புறம் அந்த மூக்கால சிரிக்கிற சிரிப்பு?" என்றேன்.

"அது குறையாக்கா?" என்று கேட்ட அவள் முகம் வாடிவிட்டது.

ஒரு புள்ளி.

சனிக்கிழமை தொட்டியில் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஹெட்மிஸ்ட்ரஸின் வியாதி வந்த இடத்தில் சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். (உள்ளே அழுகைச் சத்தம்தான் அவர்களுக்குப் பழக்கம்.) பிறகு அவர் குரல் மாறிற்று.

"ஒண்ணு கேக்கிறேன்மா. நீ அந்தப் பொண்ணுக்காகப் புகழ்ந்தியா, உன் நோட்டுக்காகப் புகழ்ந்தியா?"

நாலு வாரமாக மத்தியானமும் சாயங்காலமும் ஆத்தும சோதனை செய்தவளுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை.

"போய் உண்மையைச் சொல்லு. அவங்களுக்குத் தெரிய வேண்டியதை மட்டும் சொல்லு. ருசிக்காக ஒரு வார்த்தை பேசாதே. ருசி வருதுன்னு தெரிஞ்சா உடனே எழுந்து வந்துடு" என்று சொல்லிவிட்டு லத்தீனில் பாவமன்னிப்பைத் தொடங்கினார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் நர்ஸ் அம்மாள் வீட்டுக்குப் போனேன். என் பாவம், என் நோட்டு, என் அபராதம் எல்லாவற்றையும் முதலில் சொல்லித் தொலைத்தேன். பிறகு பிலோமினாவின் மூன்று குறைகள். ஒவ்வொன்றைக் கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"இவ்வளவுதானா? நான் என்னென்ன வியாதியெல்லாம் நினைச்சு இத்தனை நாளா தூங்கலை தெரியுமா? எழுப்புறது கஷ்டமா? என் தம்பி எட்டு மணிக்குத்தான் கண்ணே முழிப்பான். நல்ல ஜோடி!"

முடிந்தது. கும்பிட்டு எழுந்தேன். நியாயமாக அங்கேயே கிளம்பியிருக்க வேண்டும்.

"உட்காருங்க டீச்சர், காப்பி சாப்பிடாம போறதாவது" என்று தம்ளரை நீட்டிய நர்ஸ் அம்மாள், "பிலோமினாவுக்குக் கோபம் வர்றது நல்லதுதாங்க. எங்கம்மாவைச் சமாளிக்கணுமே. எங்கம்மா இருக்காங்களே..." என்று ஆரம்பித்தார்.

மூன்று வாரப் பட்டினி, ஐயா. உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு தடவை இருமினார். இரண்டாம் தடவை இருமினார். மூன்றாம் தடவை இருமாமல் எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். நான் அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் ஒரு வார்த்தை பேசாமல் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். காவேரிப் பாலம் முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன்.

பாஸ்குத் திருநாள் முடிந்த மறுவாரம் பிலோமினாவுக்குக் கல்யாணம் நடந்தது. அருளம்மாள் எனக்கு முதல் பந்தியில் இடம் போட்டு, பக்கத்தில் யாரையும் உட்கார விடாமல் காவல் நின்றாள்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமை சனிக்கிழமை போனேன். எழுபத்து நாலு நாற்பதாயிற்று, நாற்பது பத்தாயிற்று. ருசி வரும்போது எழுந்து வரக் கற்றுக்கொண்டேன், பல நாள் கொஞ்சம் தாமதமாக. ஒரேயடியாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது வேறு பாவம், அதற்கு வேறு நோட்டு வேண்டும்.

ஆனால் நான் வாயால் புகழ்ந்த எதையும் எங்கள் குடும்பம் இன்றுவரை நம்பத் தயாராக இல்லை. என் மகனுக்குக் கல்யாணமான புதிதில் மருமகள் முதல் முதலாக மீன் குழம்பு வைத்தாள். உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல" என்று மனதாரச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே மகன் அவளுக்கு இந்தக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறான்.

"அம்மா, ஏதாவது ஒரு குறை சொல்லிடுங்களேன், பாவம் பயப்படுறா" என்றான் அவன்.

"புளி ஒரு சொட்டு கம்மி" என்றேன்.

மருமகள் மூச்சை விட்டுச் சிரித்து, எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.